நூல்களோடு வாழ்ந்த பக்தாத் இமாம்: அல்லாமா இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்)

 



ஓதுமாறு ஏவிய வஹீயைக் கொண்டு தொடங்கிய மார்க்கம் நம்முடையது. ஹிரா குகையில் இறங்கிய முதல் வசனங்களிலேயே எழுதுகோலும் இடம்பெற்றது. அந்த உம்மத்தில் பிறந்த நம் பிள்ளைகள் இன்று பள்ளிக்கூடம் செல்கிறார்கள், மக்தப் மதரஸாவுக்கும் வருகிறார்கள், தேர்வு எழுதுகிறார்கள், மதிப்பெண்ணும் பெறுகிறார்கள். ஆயினும், தேர்வு முடிந்த மறுநாள் யாரும் ஏவாமல் தானாக ஒரு நூலை எடுத்து விரிக்கும் பிள்ளையை எத்தனை வீடுகளில் காண முடிகிறது? பாடம் படிப்பது வேறு. படிப்பின்மீது காதல் கொள்வது வேறு. முன்னதைக் கட்டாயத்தால் வாங்கிவிடலாம். பின்னதை எவ்வாறு ஊட்டுவது?

இக்கேள்விக்கு விடை தேடுவோர் அவசியம் அறிய வேண்டிய வாழ்வு ஒன்று உண்டு. ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த இமாம் அபுல் ஃபரஜ் அப்துர் ரஹ்மான் இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அவர்களின் வாழ்வே அது. தந்தையை இழந்த ஒரு குழந்தை நூல்களின் உலகுக்குள் எப்படி அழைத்துச் செல்லப்பட்டது என்பதையும், நூல்களாலேயே உயர்ந்த அந்த மாமேதை தம் மக்களுக்கு அந்தச் செல்வத்தைக் கொடுக்க என்ன பாடுபட்டார்கள் என்பதையும் ஒருசேரக் காட்டும் வரலாறு இது. இதில் மகிழ்ச்சியும் உண்டு. நெஞ்சைப் பிழியும் துயரமும் உண்டு.

நம்மில் பலர் இவர்களையும் இமாம் இப்னுல் கய்யிம் அல்ஜவ்ஸிய்யா (ரஹ்) அவர்களையும் ஒருவரே என எண்ணிக் குழம்புவதுண்டு. இருவரும் வெவ்வேறு காலத்தவர்; வெவ்வேறு ஊரினர். ஆயினும் இரு பெயர்களுக்கும் இடையே ஓர் அழகிய தொடர்பு உண்டு. அதனை இக்கட்டுரையின் பிற்பகுதியில் காண்போம்.

தந்தையை இழந்த குழந்தை

இமாமவர்கள் பக்தாதில் ஏறத்தாழ ஹிஜ்ரி 510இல் (கி.பி. 1116) பிறந்தார்கள். முதல் கலீஃபா அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்களின் வழித்தோன்றல் இவர்கள். ஜவ்ஸ் எனும் அரபுச் சொல் அக்ரூட்டைக் குறிக்கும். முன்னோர் ஒருவரின் வீட்டில் நின்ற அக்ரூட் மரத்தால் குடும்பத்திற்கு இப்பெயர் வந்தது என்றும், பஸராவிலுள்ள ஓர் இடத்தின் பெயரால் வந்தது என்றும் இரு விதமாகச் சொல்வர். குடும்பத்தார் செம்பு வணிகம் செய்து வந்த வசதி படைத்தவர்கள்.

குழந்தைக்கு மூன்று வயதாகும்போது, ஹிஜ்ரி 514இல், தந்தையார் இவ்வுலகைப் பிரிந்தார். தாயின் கவனிப்பும் கிட்டாமல் போயிற்று. எத்தீமாக நின்ற அக்குழந்தையைத் தந்தையின் உடன்பிறந்தவரான அத்தை எடுத்து வளர்த்தார். செம்பு வியாபாரக் குடும்பத்தில் ஒரு பையன் வளர்ந்தால் கடையில் உட்கார வைப்பதே அன்றைய நடைமுறை. அந்த அம்மையாரோ பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிவாசலுக்கு அழைத்துச் சென்றார். அங்கே ஹதீஸ் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஹாஃபிள் முஹம்மது இப்னு நாஸிர் (ரஹ்) அவர்களிடம் ஒப்படைத்தார்.

அந்த அத்தையைப் பற்றி வரலாற்று நூல்கள் விரிவாகப் பேசவில்லை. அவர் செய்த ஒரு காரியம் மட்டும் எண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பேசப்படுகிறது. ஒரு சிறுவனை ஒரு நல்ல உஸ்தாதின் முன் கொண்டுபோய் உட்கார வைத்தார், அவ்வளவுதான். அந்தச் சிறுவன் பின்னாளில் நூற்றுக்கணக்கான நூல்களை எழுதினார்.

இப்னு நாஸிர் (ரஹ்) அவர்கள் பிள்ளையைத் தம்மோடு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. பக்தாதின் பெரும் பெரும் அறிஞர்களின் சபைகளுக்கெல்லாம் அழைத்துச் சென்றார்கள். ஹிஜ்ரி 516இலேயே, அதாவது ஆறு வயதளவில், இமாமவர்கள் ஹதீஸ்களைச் செவியேற்கத் தொடங்கிவிட்டார்கள். இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்களின் 'முஸ்னத்' எனும் பெருநூலையும் இளம் வயதிலேயே உஸ்தாதிடம் அமர்ந்து முழுமையாகக் கேட்டு முடித்தார்கள்.

தம் பிள்ளைப் பருவத்தைப் பற்றி இமாமவர்களே எழுதி வைத்துள்ளார்கள். அவ்வயதுப் பிள்ளைகள் தஜ்லா நதிக்கரைக்கும் பாலத்துக்கும் சென்று வேடிக்கை பார்ப்பார்களாம். இவர்களோ ஒரு நூலின் சில ஏடுகளை எடுத்துக்கொண்டு மக்கள் நடமாட்டமில்லாத ஓரிடத்தில் ஒதுங்கி அமர்ந்து படித்துக்கொண்டிருப்பார்களாம். பள்ளிவாசல் முற்றத்தில் வித்தை காட்டுவோரைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். இவர்கள் ஹதீஸ் சொல்பவரின் வட்டத்தைத் தேடிப் போவார்கள். கேட்டதை மனத்தில் இருத்திக்கொண்டு வீடு திரும்பியதும் எழுதி வைப்பார்கள்.

ஒன்பது வயதளவில் ஓர் அறிஞர் இவர்களுக்கு உபதேச வாசகங்கள் சிலவற்றைக் கற்றுக்கொடுத்து, சட்டையும் அணிவித்து, மிம்பரில் ஏற்றிப் பேச வைத்தார். பெருங்கூட்டம் அதனைக் கேட்டது. கற்றதைப் பிறர் முன் எடுத்துச் சொல்லும் வாய்ப்பு ஒரு சிறுவனுக்கு எத்தகைய ஊக்கத்தைத் தந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

உஸ்தாதின் கண்ணீரும் மௌனமும்

இமாமவர்களுக்குப் பாடம் சொன்ன உஸ்தாதுகள் ஏராளம். தம் ஆசிரியர்களின் விவரங்களைத் தொகுத்துத் தனி நூலே எழுதியிருக்கிறார்கள். ஆயினும் தம்மை உருவாக்கியவர்கள் என்று அவர்கள் நன்றியுடன் நினைவுகூர்வது குறிப்பாக இருவரை.

ஒருவர் அப்துல் வஹ்ஹாப் அல்அன்மாத்தீ (ரஹ்). உள்ளத்தை உருக்கும் ஹதீஸ்களை மாணவர் வாசிக்கும்போது அவர்களின் கண்களிலிருந்து நீர் வழியும், நெடுநேரம் அழுதுகொண்டேயிருப்பார்கள். சிறுவராயிருந்த இமாமவர்களின் நெஞ்சில் அந்தக் கண்ணீர் ஆழமாகப் பதிந்தது. மற்றொருவர் மொழியியல் மேதை அபூ மன்ஸூர் அல்ஜவாலீக்கீ (ரஹ்). அதிகம் மௌனமாக இருப்பார்கள். நன்கு ஆராய்ந்த பின்னரே வாய் திறப்பார்கள். அவர்களின் சிறிய மாணவர்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லக்கூடிய எளிய கேள்வி வந்தாலும், உறுதியாகும் வரை பேசமாட்டார்கள்.

இவ்விருவரையும் விட நினைவாற்றல் மிக்க அறிஞர்களையும் இமாமவர்கள் சந்தித்ததுண்டு. ஆனால் மற்றெவரிடமும் பெற்றதைவிட இவ்விருவரைப் பார்த்தே அதிகப் பயன் பெற்றதாக எழுதுகிறார்கள். சொல்லிக் கொடுப்பதைவிட வாழ்ந்து காட்டுவதே உள்ளத்தில் தங்கும் என்பதே அவர்கள் கண்ட முடிவு.

ஜமாஅத்தார்கள் இவ்விடத்தில் சற்று நிதானித்துச் சிந்திக்க வேண்டும். நூல் என்பது மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் பொருள் என்று மட்டும் அச்சிறுவருக்குக் காட்டப்பட்டிருந்தால், அவரும் ஒப்பித்துவிட்டு ஓடியிருப்பார். ஒரு பெரியவர் நூலின் முன்னே அமர்ந்து கண்ணீர் வடிப்பதைக் கண்டதால், அந்த ஏடுகளுக்குள் ஏதோ மகத்தான ஒன்று இருக்கிறது என்று அப்பிஞ்சு உள்ளம் உணர்ந்துகொண்டது.

இருபது தீனாரும் இரண்டு வீடுகளும்

தந்தை ஏராளமான செல்வத்தை விட்டுச் சென்றிருந்தார். ஆயினும் இமாமவர்கள் பருவ வயதை அடைந்தபோது இருபது தீனார்களும் இரண்டு வீடுகளும் மட்டுமே அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. தந்தையின் சொத்தில் உமக்குரியது இவ்வளவுதான் என்று சொல்லப்பட்டது.

மற்றொரு வாலிபராக இருந்தால் வழக்காடியிருக்கலாம். அல்லது அதை முதலாக வைத்து வணிகம் தொடங்கியிருக்கலாம். இமாமவர்கள் அந்த இருபது தீனார்களுக்கும் நூல்கள் வாங்கினார்கள். பின்னர் வீடுகளையும் விற்று அந்தப் பணத்தைக் கல்வி தேடும் வழியிலேயே செலவிட்டார்கள். கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

அதன் பிறகு வறுமை. காய்ந்த ரொட்டித் துண்டுகளைக் கையில் எடுத்துக்கொண்டு ஹதீஸ் பாடத்திற்குப் புறப்படுவார்கள். தண்ணீர் இல்லாமல் அந்த ரொட்டியை விழுங்க இயலாது. எனவே பக்தாதின் நஹ்ரு ஈஸா கால்வாய்க் கரையில் அமர்ந்து ஒரு கவளம் உண்டு, ஒரு மிடறு நீர் பருகுவார்கள். அந்நாட்களை அவர்கள் முதிய வயதில் நினைத்துப் பார்க்கும்போது ஏக்கத்தோடு அல்ல, இன்பத்தோடுதான் நினைக்கிறார்கள். கல்வியின் சுவை வறுமையின் கசப்பை மறக்கடித்துவிட்டது என்பதே அவர்கள் கூறும் செய்தி.

படித்துத் தீராத தாகம்

அன்றைய பக்தாத் நூல்களின் நகரம். கி.பி. 1067இல் திறக்கப்பட்ட நிஜாமிய்யா மதரஸாவில் வக்ஃபு செய்யப்பட்ட நூல்களின் பட்டியலை இமாமவர்கள் பார்த்தபோது, அதில் ஏறத்தாழ ஆறாயிரம் தொகுதிகள் இருந்தன. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் அடக்கத்தலத்தைச் சார்ந்த நூலகம், அல்ஹுமைதீ (ரஹ்), இப்னுல் கஷ்ஷாப் (ரஹ்) போன்ற அறிஞர்களின் சேகரிப்புகள் என அணுக முடிந்த நூற்குவியல்கள் அனைத்தையும் அவர்கள் பார்வையிட்டார்கள். மாணவப் பருவத்திலேயே இருபதாயிரம் தொகுதிகளை வாசித்திருப்பதாகவும், இன்னும் தேடிக்கொண்டே இருப்பதாகவும், இதுவரை காணாத ஒரு நூல் கிடைத்தால் புதையல் கிடைத்தது போல் மகிழ்வதாகவும் 'ஸைதுல் காத்திர்' எனும் தம் நூலில் குறிப்பிடுகிறார்கள். மனத்தில் உதிக்கும் எண்ணங்களை வேட்டையாடிப் பிடித்து வைப்பது என்பதே அந்நூலின் பெயருக்குப் பொருள்.

நேரத்தை வீணாக்க அவர்களுக்கு மனமே வராது. வேலையின்றி வந்து அமர்ந்து பேசிக்கொண்டிருப்போரைத் திருப்பி அனுப்பினால் அவர்கள் மனம் நோகும். உட்கார வைத்தால் பொழுது போய்விடும். எனவே காகிதம் வெட்டுதல், நாணல் எழுதுகோல்களைச் சீவுதல், குறிப்பேடுகளைக் கட்டுதல் ஆகிய வேலைகளை அந்த நேரத்திற்கென்றே ஒதுக்கி வைத்திருப்பார்கள். வந்தவர்களோடு பேச்சும் நடக்கும். எழுதுவதற்கான ஆயத்தமும் நடக்கும்.

இவ்வளவு உழைப்பின் விளைவுதான் 'ஸாதுல் மஸீர்' எனும் தஃப்ஸீரும், 'அல்முன்தளம்' எனும் வரலாற்றுப் பெருநூலும், நல்லோர்களின் வாழ்வைத் தொகுத்த 'ஸிஃபதுஸ் ஸஃப்வா'வும், ஷைத்தானின் சூழ்ச்சிகளை விளக்கும் 'தல்பீஸு இப்லீஸ்' எனும் நூலும். இவையெல்லாம் இன்றும் அச்சில் உள்ளன. விரைவாக எழுதி முடித்துவிட்டு மறுபார்வை பார்க்காமல் அடுத்த நூலுக்குச் சென்றுவிடுவதால் சில பிழைகள் நேர்ந்துவிட்டன என்று பிற்கால அறிஞர்கள் சுட்டிக்காட்டியதும் உண்டு.

மார்க்க நூல்களை மட்டுமே அவர்கள் எழுதினார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். அறிவாளிகளின் சாதுரியங்களைத் தொகுத்து ஒரு நூல். முட்டாள்களின் வேடிக்கைகளைத் தொகுத்து மற்றொரு நூல் எனச் சிரிக்கச் சிரிக்க வாசிக்கும் நூல்களையும் தந்துள்ளார்கள். தொடர்ந்து கனமான விஷயங்களிலேயே மூழ்கியிருந்தால் உள்ளம் சோர்ந்துவிடும், ஆகுமான நகைச்சுவை அதற்குப் புத்துணர்ச்சி தரும் என்பது அவர்களின் கருத்து. கதைப் புத்தகத்தைக் கையில் வைத்திருக்கும் பிள்ளையை அதட்டும் பெற்றோர் இதனைக் கவனிக்க வேண்டும்.

அவர்களின் உபதேச சபைகளோ உலகப் புகழ் பெற்றவை. கலீஃபாவும் திரைக்குப் பின்னிருந்து கேட்பார். ஸ்பெயின் நாட்டிலிருந்து வந்த பயணி இப்னு ஜுபைர் கி.பி. 1184இல் பக்தாதில் அச்சபைகளில் அமர்ந்து கேட்டு, வியந்து, தம் பயணக் குறிப்பில் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்.

மகனுக்கு எழுதிய மடல்

இத்தகைய தந்தையின் வீட்டில் பிறக்கும் பிள்ளைகள் தாமாகவே நூல் பிரியர்களாக இருப்பார்கள் என்றுதான் நாம் நினைப்போம். வாழ்க்கை அவ்வளவு எளிதாக இல்லை.

பத்துக் குழந்தைகள் வேண்டும் என்று இமாமவர்கள் அல்லாஹ்விடம் துஆ செய்தார்கள். ஐந்து ஆண், ஐந்து பெண் என அல்லாஹ் பத்துக் குழந்தைகளையும் கொடுத்தான். பின்னர் இரு பெண் மக்களும் நான்கு ஆண் மக்களும் ஒருவர்பின் ஒருவராக மரணித்தனர். கல்வியில் சிறந்து விளங்கிய மூத்த மகன் அப்துல் அஸீஸும் ஹிஜ்ரி 554இல் மவ்ஸில் நகரில் வாலிபப் பருவத்திலேயே இறந்துபோனார். ஆண் மக்களில் எஞ்சியவர் அபுல் காஸிம் அலீ ஒருவரே.

தந்தையின் முழு நம்பிக்கையும் அந்த ஒரே மகன்மீது இருந்தது. ஆனால் கல்வியில் அவருக்கு ஆர்வம் குன்றி வருவதைத் தந்தை கண்டார்கள். அந்த வேதனையில் எழுதியதுதான் 'லஃப்ததுல் கபித்' எனும் சிறு நூல். மகனுக்கு உபதேசமாக அமைந்த மடல் அது. தம் அநாதைப் பருவத்தையும், அத்தையின் பரிவையும், இருபது தீனார்களின் கதையையும், காலத்தின் அருமையையும் அதில் மகனுக்கு எடுத்துரைக்கிறார்கள். எந்தெந்த நூல்களை உற்ற தோழனாக வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் வழிகாட்டுகிறார்கள். முயற்சி அடியானுடையது, நேர்வழியில் செலுத்துவது அல்லாஹ்வின் கையில் என்ற பணிவும் அதில் இழையோடுகிறது. பல்லாயிரம் பேர் கூடும் சபையில் உள்ளங்களை உருக வைத்த ஒருவர், தம் வீட்டிலுள்ள ஒரே ஓர் உள்ளத்தைத் திறக்க எழுதுகோலை எடுத்து நின்ற நிலையை அந்நூலைப் படிக்கும் தந்தையர் எவரும் உணர்வர்.

வாஸித் நகரில் ஐந்தாண்டுகள்

ஹிஜ்ரி 580இல் (கி.பி. 1185), தமது எழுபதாம் வயதளவில், இமாமவர்களுக்கு மீண்டும் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. யூசுஃப் எனப் பெயரிட்டார்கள்.

யூசுஃபுக்குப் பத்து வயதாகும்போது பெரும் சோதனை வந்தது. அரசவையில் அமைச்சர்கள் மாறினர். இமாமவர்கள்மீது பகைமை கொண்டிருந்தோரின் கை ஓங்கியது. ஹிஜ்ரி 590இல் (கி.பி. 1194) எண்பது வயது முதியவரான இமாமவர்களைப் படகில் ஏற்றி வாஸித் நகருக்குக் கொண்டுசென்று ஒரு வீட்டில் காவலில் வைத்தனர். ஐந்தாண்டுகள் அங்கே கழிந்தன. தம் துணிகளைத் தாமே துவைத்தார்கள். தமக்கான உணவைத் தாமே சமைத்தார்கள். கிணற்றிலிருந்து தாமே நீர் இறைத்தார்கள்.

இந்தக் காலத்தில்தான் தந்தையின் நெஞ்சை முறிக்கும் செயல் பக்தாதில் நடந்தது. ஏற்கனவே தந்தையிடம் மனத்தாங்கலோடு விலகியிருந்த மகன் அபுல் காஸிம் அலீ, தந்தை இல்லாத வேளையில் அவர்களின் நூல்களைக் கைப்பற்றி மிக அற்ப விலைக்கு விற்றுவிட்டார். தந்தைச் சொத்தின் இருபது தீனார்களையும் நூல்களாக மாற்றியவர் தந்தை. தந்தையின் நூல்களைக் காசாக மாற்றியவர் மகன். ஒரு வாழ்நாளின் சேமிப்பு சந்தையில் சிதறிப் போயிற்று.

அதே ஐந்தாண்டுகளில் வாஸிதில் வேறொரு காட்சி. அந்நகரில் இப்னுல் பாகில்லானீ (ரஹ்) என்ற முதுபெரும் காரீ இருந்தார்கள்; இமாமவர்களை விடவும் மூத்தவர். எண்பது வயதில், காவலில் இருக்கும் நிலையில், இமாமவர்கள் அவரிடம் மாணவராக அமர்ந்து திருக்குர்ஆனின் பத்து கிராஅத்துகளையும் ஓதினார்கள். அவர்களோடு சேர்ந்து ஓதியவர் யார் தெரியுமா? சிறுவர் யூசுஃப்! எண்பது வயதுத் தந்தையும் பத்து வயதைத் தாண்டிய மகனும் ஒரே உஸ்தாதின் முன் ஒரே பாடத்தின் மாணவர்கள்.

மூத்த மகனுக்குத் தந்தை ஒரு நூல் எழுதிக் கொடுத்தார்கள். இளைய மகனோடு தந்தை தாமே அமர்ந்து ஓதினார்கள். ஒருவர் வழி தவறியதற்கும் மற்றவர் சிறந்ததற்கும் இதுவே காரணம் என்று தீர்ப்பளிப்பது நம் வேலையன்று. உள்ளங்களைப் புரட்டுபவன் அல்லாஹ். ஆயினும் இவ்விரு காட்சிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும் பெற்றோருக்கு அவற்றில் பாடம் இருக்கிறது.

விடுதலையும் இளைய மகனின் மூலமே வந்தது. இளம் வயதிலேயே உபதேசம் செய்யும் ஆற்றல் பெற்றுவிட்ட யூசுஃப், கலீஃபாவின் தாயாரின் பரிந்துரையைப் பெற்றார். ஹிஜ்ரி 595இல் இமாமவர்கள் பக்தாத் திரும்பினார்கள். ஊரே திரண்டு வரவேற்றது.

எழுதுகோல் சீவல்கள்

விடுதலைக்குப் பின் இரண்டாண்டுகளே வாழ்ந்தார்கள். தம் இரு விரல்களால் இரண்டாயிரம் தொகுதிகளை எழுதியதாக முதிய வயதில் மிம்பரில் கூறியதை அவர்களின் பேரர் செவியுற்றுப் பதிவு செய்திருக்கிறார். ஹிஜ்ரி 597 ரமளான் மாதத்தில் (கி.பி. 1201 ஜூன்) ஒரு வெள்ளி இரவில் இமாமவர்கள் வஃபாத்தானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். கடைகள் அடைக்கப்பட்டன. நோன்பு வைத்த நிலையில் கடும் வெயிலில் மக்கள் வெள்ளமாகத் திரண்டனர். பாபு ஹர்ப் அடக்கத்தலத்தில், இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களின் கப்ருக்கு அருகே நல்லடக்கம் செய்யப்பட்டார்கள்.

வரலாற்றாசிரியர் இப்னு கல்லிகான் (ரஹ்) தரும் ஒரு செய்தி உள்ளத்தைத் தொடுவது. ஹதீஸ்களை எழுதிய நாணல் எழுதுகோல்களைச் சீவும்போது விழும் சீவல்களை இமாமவர்கள் வாழ்நாள் முழுவதும் சேர்த்து வைத்திருந்தார்கள். தமக்குக் குளிப்பாட்டும் நீரை அச்சீவல்களைக் கொண்டே காய்ச்ச வேண்டும் என வஸிய்யத் செய்திருந்தார்கள். அவ்வாறே செய்யப்பட்டது, நீர் காய்ச்சிய பிறகும் சீவல்கள் மிஞ்சின.

தொடர்ந்த சங்கிலி

நூல்கள் விற்கப்பட்டன, ஆனால் வாசிப்பு விற்கப்படவில்லை. மகன் யூசுஃப் (ரஹ்) அவர்கள் தந்தைக்குப் பின் பக்தாதில் உபதேச சபை நடத்தினார்கள். பின்னர் முஸ்தன்ஸிரிய்யா மதரஸாவில் பாடம் நடத்தினார்கள். கலீஃபாவின் தூதராகப் பல நாடுகளுக்குச் சென்றார்கள். கி.பி. 1258இல் தாத்தாரியர் பக்தாதை அழித்தபோது தம் மூன்று மக்களோடு கொல்லப்பட்டார்கள்.

அதற்கு முன்பே அவர்கள் திமிஷ்க் நகரில் ஒரு மதரஸாவை நிறுவியிருந்தார்கள். குடும்பப் பெயரால் அதற்கு அல்ஜவ்ஸிய்யா என்று பெயர். பிற்காலத்தில் அம்மதரஸாவின் நிர்வாகப் பொறுப்பாளராக, அதாவது கய்யிமாக, ஒரு பெரியவர் பணியாற்றினார். அவருக்கு கி.பி. 1292இல் பிறந்த மகன்தான் இமாம் இப்னுல் கய்யிம் அல்ஜவ்ஸிய்யா (ரஹ்). பெயருக்குப் பொருளே, ஜவ்ஸிய்யா மதரஸாவின் பொறுப்பாளருடைய மகன் என்பதுதான். எத்தீமான ஒரு குழந்தையை ஓர் அத்தை கைப்பிடித்து அழைத்துச் சென்ற நாளில் தொடங்கிய சங்கிலி, அடுத்த நூற்றாண்டில் வேறொரு நாட்டில் மற்றொரு மாமேதையின் பெயரில் வந்து நிற்கிறது.

பெண் மக்களும் இச்செல்வத்தில் பங்கு பெற்றனர். இமாமவர்களின் புதல்வியரும் ஹதீஸ் பாடங்களைச் செவியேற்றவர்களே. மகள் ராபிஆவின் மகனைப் பாட்டனாரான இமாமவர்களே வளர்த்து ஆளாக்கினார்கள். மகளின் மகன் எனும் பொருள்படும் 'ஸிப்து இப்னுல் ஜவ்ஸீ' என்ற பெயராலேயே அவர் அறியப்படுகிறார். 'மிர்ஆதுஸ் ஸமான்' எனும் புகழ்பெற்ற வரலாற்று நூலை இயற்றியவர் அவரே.

நூல்களை விற்ற அபுல் காஸிம் அலீயும் முற்றிலும் விலகிவிடவில்லை. கூலிக்கு நூல்களைப் பிரதி எடுத்து எழுதியே பிற்காலத்தில் வாழ்ந்தார். சிறு வயதில் செவியுற்ற ஹதீஸ்களை முதிய வயதில் மாணவர்களுக்கு அறிவித்தார். ஹிஜ்ரி 630இல் மறைந்தார். பிள்ளைப் பருவத்தில் விதைத்தது காலம் தாழ்ந்தேனும் முளைக்கும் என்பதற்கு அதுவும் ஓர் அத்தாட்சி. மனமுடைந்து நிற்கும் பெற்றோருக்கு இதில் ஆறுதல் உண்டு.

நமக்குரிய படிப்பினை

அன்பிற்குரிய சகோதர, சகோதரிகளே! வாசிப்பு ஆர்வம் பாகப்பிரிவினையில் கிடைக்கும் சொத்து அன்று. அலமாரி நிறைய நூல்கள் இருப்பதால் மட்டும் பிள்ளைகள் வாசகர்களாகிவிட மாட்டார்கள். இமாமவர்களின் வீட்டை விட அதிக நூல்கள் எவர் வீட்டில் இருந்திருக்க முடியும்? வளர்ந்த பின் எழுதும் உபதேச மடலும் தானாகக் காரியம் சாதித்துவிடாது. ஐந்தில் வளைவதுதான் ஐம்பதில் நிலைக்கும்.

கையைப் பிடித்து அழைத்துச் செல்லும் ஒருவர் வேண்டும். அவர் படித்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் பேரனை நூலகத்தின் வாசல்வரை அழைத்துச் செல்ல முடியும். நூலை நேசித்து வாசிக்கும் ஒரு பெரியவரைப் பிள்ளை கண்ணால் காண வேண்டும். தந்தையின் கையில் எந்நேரமும் கைப்பேசியே இருக்க, பிள்ளையின் கையில் மட்டும் புத்தகம் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எங்ஙனம் நியாயமாகும்? மஃக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட நேரத்தில் வீட்டார் அனைவரும் கைப்பேசியையும் தொலைக்காட்சியையும் ஒதுக்கிவைத்து, ஆளுக்கொரு நூலோடு அரைமணி நேரம் அமர்ந்தால் அதுவே வாஸித் நகரின் சுன்னத்தான பாடம் போன்றது எனலாம்; தந்தையும் மகனும் ஒரே பாடத்தில் அமர்ந்த காட்சி நம் வீட்டிலும் உருவாகும்.

பெருநாள் காசில் ஒரு பகுதிக்குப் பிள்ளையே விரும்பித் தேர்ந்தெடுக்கும் நூல் ஒன்றை வாங்கிக் கொடுப்போம். மார்க்க நூலோடு வரலாறும், அறிவியலும், ஆகுமான நகைச்சுவையும், நல்ல கதைகளும் கலந்திருக்கட்டும். வாசித்ததைச் சபையில் எடுத்துச் சொல்ல மக்தப் பிள்ளைகளுக்கு வாய்ப்பளிப்போம். ஒன்பது வயதுச் சிறுவரை மிம்பரில் ஏற்றிய சமுதாயம் நாம். ஆண் பிள்ளைக்குச் செய்வதைப் பெண் பிள்ளைக்கும் குறைவின்றிச் செய்வோம். குறிப்பாக, தந்தையை இழந்த பிள்ளைகள் நம் மஹல்லாவில் எவர் எவர் என்று தேடி, அவர்களுக்குப் பள்ளிக் கட்டணம் செலுத்துவதோடு நின்றுவிடாமல், கைப்பிடித்து அழைத்துச் செல்லும் அந்த அத்தையின் இடத்தில் நம்மில் ஒருவர் நிற்போமாக.

எல்லாம் வல்ல அல்லாஹ் இமாம் இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அவர்களின் கப்ரை ஒளிமயமாக்குவானாக! அவர்களை வளர்த்தெடுத்த அந்த அம்மையாருக்கும், கற்பித்த உஸ்தாதுகளுக்கும் மேலான சுவனத்தை வழங்குவானாக! நம் பிள்ளைகளின் உள்ளங்களில் பயனுள்ள கல்வியின்மீதும் நல்ல நூல்களின்மீதும் நீங்காத நேசத்தை ஏற்படுத்துவானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.